முப்பத்தொன்றாவது கையெழுத்து

ஹாலிவுட்,
ஜனவரி 10, 1938

அன்புள்ள சிக்னி அக்காவுக்கு ஆர்வித் எழுதுவது.

உடம்புக்கு ஒரு குறையுமில்லை. ஜனவரியில் வெறும் சட்டையோடு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னால் உனக்கு எரிச்சல் வரும், அதனால் சொல்லவில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடத்து அடுப்பு இந்த வருஷமாவது புகையாமல் எரிகிறதா?

ஆறு வருஷமாக இந்த ஸ்டூடியோவில் அடுத்தவர் எழுதிய வசனத்தைத் தட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். திரையில் என் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. உன் தம்பி சினிமாவில் இருக்கிறான் என்றால் தபால் ஆபீஸ் ஓல்கா நம்புவதில்லை என்று எழுதியிருந்தாய். அவளை நம்பவைக்கும் காலம் வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தயாரிப்பாளர் மிஸ்டர் கப்ளோ சாப்பாட்டுக் கூடத்தில் புலம்பிக்கொண்டிருந்தார். "டாக்டர் வாழ்க்கைய எடுத்தாச்சு. விஞ்ஞானி வாழ்க்கைய எடுத்தாச்சு. தளபதிங்க மட்டும் நாலு பேரு ஆச்சு. இன்னும் யாருய்யா பாக்கி?" கையில் பாதி கடித்த ஆப்பிள். நான் அடுத்த மேஜையிலிருந்து வாயை விட்டேன். "சார், நீங்க கடிச்சிட்டிருக்கீங்களே, அதை உண்டாக்கின ஆளு பாக்கி."

அது நைகார்ட் சிவப்பு என்ற ரகம். நம் ஆல்டர் கிரீக் தோரல்ட் நைகார்டின் பழம். மினசோட்டாக் குளிரில் ஆப்பிள் நிற்காது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு ஒரு மனுஷன் பதினேழு வருஷத்தில் நாலாயிரம் கன்று வளர்த்ததையும், 1918 குளிரில் அத்தனையும் செத்து ஒன்றே ஒன்று மிஞ்சியதையும் சொன்னேன். பழம் தீரும்வரை கேட்டார். "எழுது" என்றார்.

இது ஒழுங்காக முடிந்தால் 'கதை வசனம் ஆர்வித் ஹால்வர்சன்' என்று திரையில் தனியாக வரும், அக்கா! ஆனால் நான் ஊரை விட்டு வந்து இருபது வருஷமாகிறது. நைகார்ட் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். பெண்டாட்டி பிள்ளை கிடையாது, கேட்க ஆளில்லை. எனக்கு அவர் தாடிதான் ஞாபகம். அவர் தோட்டம் உன் பள்ளிக்கூடத்துக்கு எதிரேதானே? எப்படி நடப்பார், எப்படிப் பேசுவார், உனக்குத் தெரிந்ததை எழுது.

உன் பிரியமுள்ள தம்பி,
ஆர்வித்


ஆல்டர் கிரீக்,
ஜனவரி 19, 1938

அன்புத் தம்பி ஆர்விக்கு,

முட்டி அதன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். அடுப்பு புகைகிறது. நீ சட்டையோடு உட்கார்ந்திருப்பதில் எனக்கு எரிச்சல் ஒன்றுமில்லை. சளி பிடித்தால் அப்போது பேசிக்கொள்கிறேன்.

மிஸ்டர் நைகார்டைப் பற்றிக் கேட்டாய். நடக்கும்போது இடது காலைக் கொஞ்சம் வெளியே போட்டு நடப்பார்; சின்ன வயதில் ஏணியிலிருந்து விழுந்தது. விசில் அடிப்பார், ஆனால் ராகம் நிற்காது. பழத்தைக் கடித்து மென்று துப்பிவிட்டு, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பார். நன்றாக இருந்தால் மறுபடி கடிப்பார். இல்லாவிட்டால் அந்த மரத்திடம் "பரவாயில்ல, நீ முயற்சி பண்ணின" என்பார். ஒட்டுப்போடும் நாட்களில் குச்சிகளை வாயில் கவ்விக்கொண்டே பேசுவார், பாதி புரியாது. காபியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிப்பார். மழை வருமுன் வலது கையின் சுண்டுவிரலை நீவிக்கொள்வார். கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். கொட்டகைச் சுவரில் நாலாயிரம் மரங்களுக்கும் வரிசை எண் எழுதியிருந்தது. 1918 மார்ச்சில் செத்த மரங்களின் எண்களை அவரே ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். கடைசியில் 2,216 மட்டும் அடிபடாமல் நின்றது. அன்றைக்கு அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "பசிக்குது" என்றார்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள்தான் இவை. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு. கம்பளி உள்சட்டை அனுப்பியிருக்கிறேன், போட மாட்டாய் என்று தெரிந்தே.

அக்கா,
சிக்னி


ஹாலிவுட்,
பிப்ரவரி 8, 1938

அன்புள்ள அக்காவுக்கு,

உள்சட்டை கிடைத்தது, நலமாக இருக்கிறது, பெட்டிக்குள். நானும் நலம்.

உன் கடிதத்தைத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். நைகார்டாக நடிக்கப்போகும் கிளின்டன் ஹேல் இரண்டு நாளாக இடது காலை வெளியே போட்டு நடந்து பழகுகிறார். எதிரே வருகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். இயக்குநர் மிஸ்டர் வார்கா ஹங்கேரிக்காரர், எதையும் லேசில் பாராட்ட மாட்டார். அவரே, "இதை எழுதினது யாரு? பக்கத்திலேயே நின்னு பார்த்த மாதிரி இருக்கே" என்றார். எங்கள் அக்கா ஆசிரியை, எதிலும் கண் வைத்திருப்பாள் என்றேன்.

இப்போது ஒரு சிக்கல். மிஸ்டர் கப்ளோ எழுபது பக்கம் படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "மரம் இருக்கு, பனி இருக்கு, தாடி இருக்கு. பொண்ணு எங்கய்யா?"

நைகார்ட் வாழ்க்கையில் யாராவது இருந்தார்களா? பாதிரியார் மகள், பால்காரி, யாராயிருந்தாலும் சரி. எனக்கென்னவோ அந்த மனுஷன் மரத்தைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் சீக்கிரம் பதில் போடு.

ஆர்வித்


ஹாலிவுட்,
மார்ச் 14, 1938

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உன் கடிதம் இல்லை. காய்ச்சலா? பனியில் தபால் நின்றுவிட்டதா? ஒரு வரியாவது போடு, கவலையாக இருக்கிறது.

நீ பதில் போடாததால் பெண்ணை நானே உண்டாக்கிவிட்டேன். பெயர் லூசி. தேவாலயத்தில் பாடுகிறாள். பொன்நிற முடி. முதல் காட்சியிலேயே லேசாக இருமுகிறாள், அப்போதே விஷயம் புரிந்துவிடும். நைகார்ட் அவளைக் கேட்கிறார், அவள் சரி என்கிறாள், கல்யாணத்துக்கு முந்தின வாரம் பனிப்புயலில் அவருக்குக் கம்பளிக் கையுறை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்தக் கடைசி மரத்தடியிலேயே உயிரை விடுகிறாள். வசந்தத்தில் மரம் பூக்கிறது. அவர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு "லூசி" என்கிறார். முடிவு.

மிஸ்டர் கப்ளோவுக்குப் படித்துக் காட்டினேன். மனுஷன் விசும்பி விசும்பி அழுதார். "கொல்லு, நல்லாக் கொல்லு" என்றார். மரியன் டஃப் லூசியாக நடிக்கிறாள். பாவம், போன நாலு படத்திலும் அவள் செத்தாள்.

உன் உடம்பு எப்படி என்று எழுது.

ஆர்வித்


ஆல்டர் கிரீக்,
மார்ச் 26, 1938

தம்பி ஆர்விக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை, ஒன்றுமில்லை. பள்ளியில் வேலை இருந்தது. ஆற்றில் பனி உடைந்துவிட்டது. பையன்கள் எல்லாம் ஈரக் காலுறையோடு வகுப்புக்கு வருகிறார்கள். அடுப்பைச் சுற்றி முப்பது காலுறை காய்கிற வாசனையில் பின்னம் சொல்லிக்கொடுக்கிறேன்.

உன் லூசியைப் பற்றிச் சில கேள்விகள். அவள் ஏன் இருமுகிறாள்? நம் ஊரில் ஒரு பெண் அப்படி இருமினால் மார்பில் கடுகுப் பற்றுப் போட்டுப் படுக்க வைப்போம், பனிப்புயலில் கையுறை கொடுக்க அனுப்ப மாட்டோம். அவள் வீட்டில் கேட்க ஆள் இல்லையா? பாடுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலை வெட்டி கிடையாதா? திங்கட்கிழமை காலையில் அவள் என்ன செய்கிறாள்?

அவர் ஏற்கெனவே கையுறை போட்டிருப்பார் என்பதையும் யோசித்துக்கொள். இருபத்தைந்து வருஷம் மினசோட்டாவில் இருந்தவர்.

செத்துத்தான் ஆக வேண்டுமா அவள்?

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சிக்னி


ஹாலிவுட்,
ஏப்ரல் 11, 1938

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? கேள்விமேல் கேள்வி கேட்டிருந்தாய், விடைத்தாள் திருத்துகிற மாதிரி. சினிமாவில் திங்கட்கிழமை கிடையாது அக்கா. லூசி செத்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய ஒரு காரியம். நிஜ மனிதர் வாழ்க்கையைப் படம் எடுக்கும்போது இங்கே ஒரு வழக்கம் உண்டு. படம் வந்த பிறகு எந்த ஊர்ப் பெண்ணாவது "அந்த லூசி நான்தான், என் மானம் போச்சு" என்று கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாது. அதற்காக, அந்தப் பெண்ணாக இருந்திருக்கக்கூடிய ஒவ்வொருத்தியிடமும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வார்கள். எங்கள் சட்டப் பிரிவு மிஸ்டர் பிரிட்சர்ட் தன் நிழலையே நம்பாதவர். ஊரில் நாற்பத்தைந்திலிருந்து அறுபது வயது வரை உள்ள எல்லாப் பெண்களும், கல்யாணமானவர்களும் சேர்த்து, கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். நம் தேவாலயத்திலிருந்து பட்டியலை வரவழைத்துக் கணக்கெடுத்தேன். முப்பத்தொரு பேர்.

முப்பத்தொரு பத்திரமும் இதோடு வருகின்றன. "தோரல்ட் நைகார்டுக்கும் எனக்கும் எக்காலத்திலும் காதலோ கல்யாணப் பேச்சோ இருந்ததில்லை, அவரைப் பற்றிய படத்தில் வரும் பெண் நான் அல்ல." இவ்வளவுதான். நீ போய் நின்றால் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள், பாதிப் பேர் பிள்ளைகள் உன்னிடம் படித்தவர்கள். உன் வயதும் அதில் விழுவதால் உனக்கும் ஒன்று, சிரித்துக்கொண்டே போட்டுவிடு.

மே 16 அன்று படப்பிடிப்பு. அதற்குள் முப்பத்தொன்றும் வராவிட்டால் கப்ளோ இந்தப் படத்தை மூடிவிட்டு, ரயிலைக் காப்பாற்றிய நாயின் வாழ்க்கையை எடுப்பாராம். நாய் யார்மேலும் வழக்குப் போடாது என்கிறார். என் பெயர் உன் கையில் இருக்கிறது அக்கா.

ஆர்வித்


ஆல்டர் கிரீக்,
மே 2, 1938

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கியதில் முட்டியும் சுகமாகிவிட்டது.

ரொட்டிக் கடை பெர்த்தா மாவுக் கையோடு படித்தாள். "ஏன்டி சிக்னி, ஒருத்தனைக் காதலிக்கலைன்னு எழுதிக் கொடுக்கணுமா? அப்ப மத்தவங்க விஷயத்துக்கெல்லாம் யாரு பத்திரம் கொண்டு வருவா?" என்று சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. இது வெறும் இருமல், சாக மாட்டாள். ஹில்டா ராஸ்முசென் மூன்று புருஷனைப் புதைத்தவள். "போடுறேன் டீச்சர். ஆனா அவன் கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு கீழே ஒரு வரி எழுதிக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஓல்கா பத்திரத்தை மூன்று தடவை படித்தாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எனக்கு இதுல கஷ்டமே இல்ல டீச்சர். ரொம்ப சுலபமாப் போட்டுட்டேன்" என்றாள். தபால்தலைகளில் பாதிக்கு அவளே எச்சில் தொட்டுக் கொடுத்தாள்.

பள்ளியில் ஒரு வருத்தம். சின்ன வகுப்பு எட்னா லுண்டுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கல்யாணமானால் ஆசிரியை வேலை போய்விடும் என்ற விதி உனக்குத் தெரியும். பள்ளிக் குழுத் தலைவர் மிஸ்டர் கன்டர்சன் வந்து அவள் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்துவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அவருக்கும் பிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் வாசித்தார். நல்ல பெண் எட்னா, நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள்.

பத்திரங்கள் இதனுடன்.

சிக்னி


தந்தி, மே 7

முப்பதுதான் இருக்கிறது. உன்னுடையது இல்லை. மறந்துவிட்டாயா. பிரிட்சர்ட் மூன்று தடவை எண்ணிவிட்டார். உடனே அனுப்பு. ஆர்வித்


ஆல்டர் கிரீக்,
மே 8, 1938

என் ஆர்விக்கு,

இதை விமானத் தபாலில் அனுப்புகிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திரு.

நான் மறக்கவில்லை. அந்தப் பத்திரம் என் மேஜைமேல் இருக்கிறது. பேனாவை நாலு தடவை எடுத்தேன். பொய் சொல்லாதே என்று முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான். என்னால் அதில் கையெழுத்துப் போட முடியாது.

1911 மார்ச். உனக்குப் பதினாலு வயது, எனக்கு இருபத்தாறு. பள்ளிக்கூடத்துக்கு மரக்கன்று கேட்கப் போனேன். மிஸ்டர் நைகார்ட் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். வாயிலிருந்த குச்சியை எடுத்துவிட்டுக் கேட்டார்: "மிஸ் ஹால்வர்சன், ஒட்டு பிடிச்சிருக்கா இல்லையான்னு மூணு வாரத்துல தெரிஞ்சிடும். மனுஷங்களுக்கு எவ்வளவு நாள் ஆகும்?" எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும், "ஆசையாத்தான் இருக்கு. ஆனா திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு" என்றேன். கட்டிக்கொண்டால் அந்தத் திங்கட்கிழமை போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ, ஞாயித்துக்கிழமை?" என்றார்.

இருபத்துநாலு வருஷம், ஆர்வி. பிரார்த்தனை முடிந்து நான் நடக்கப் போகிறேன் என்று ஊருக்குச் சொன்ன ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். கொட்டகைச் சுவரில் வரிசை எண்களை அவர் சொல்ல நான் எழுதினேன். ஆண்களோடு தனியே பழகக் கூடாது என்றும் என் ஒப்பந்தத்தில் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. மிஸ்டர் கன்டர்சன் காதில் விழுந்தால் எட்னாவுக்கு வாசித்ததை எனக்கும் வாசிப்பார். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கதை எழுதுகிறவன். உன்னிடம் ரகசியம் சொல்வது பெர்த்தாவிடம் சொல்வதைவிட மோசம். உன்னால்தான் கட்டிக்கொள்ளவில்லையோ என்று மட்டும் நினைத்து உருகாதே. அப்பா அம்மாவுக்குப் பிறகு உன்னை நான் வளர்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு என் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது. அவரையும் பிடித்திருந்தது.

நான் இருமவில்லை. மரத்தடியில் விழவில்லை. உட்கார்ந்து அழுதுகொண்டும் இருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன், அதனால்தான் எனக்கு லூசிமேல் கோபம்.

வேறொரு பத்திரம் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். "தோரல்ட் நைகார்ட் என்னைக் கேட்டார். அந்தப் பெண் நான்தான். படம் எடுக்க எனக்குச் சம்மதம், அவள் சாகாமலும் இருமாமலும் திங்கட்கிழமை வேலைக்குப் போவதாக இருந்தால்." இதனால் உன் பெயர் போய்விட்டால் அதற்கு நான் மிகவும் வருந்துகிறேன். வருந்தினாலும் மாற்றி எழுத மாட்டேன்.

உன் அக்கா,
சிக்னி


ஹாலிவுட்,
மே 14, 1938

என் அக்காவுக்கு,

நான் நலமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டூடியோவைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். அதே வீட்டில் வளர்ந்தவன், ஒன்றும் தெரியாத மண்ணாங்கட்டியாக இருந்திருக்கிறேன். கதை எழுதுகிறவனாம்!

பத்திரத்தைப் பிரிட்சர்டிடம் கொடுத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கப்ளோ கத்தினார். "முப்பது பேரு இல்லேங்கிறாங்க, ஒருத்தி ஆமாங்கிறா! என் அனுபவத்துல இது எப்பவும் தலைகீழாத்தான்யா நடக்கும்! அந்தப் பொண்ணு சாகலேன்னா ஜனங்க எப்படி அழுவாங்க?" நான் நாயைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது வார்கா உன் கடிதத்தின் ஒரு பக்கத்தைக் கேட்டார். உன் பெயரை மடித்து மறைத்துவிட்டு, 'அப்போ, ஞாயித்துக்கிழமை?' வரை மட்டும் காட்டினேன். மன்னித்துக்கொள்.

வார்கா மெதுவாகப் படித்தார். "பதினாறு படத்துல பதினாறு பொண்ணுங்களைக் கொன்னிருக்கேன், கப்ளோ. ஒருத்தியையாவது என் கையால உயிரோட விட்டுட்டுப் போறேன்" என்றார். மரியன் டஃபுக்குச் செய்தி போனதும் ஒப்பனை அறையிலிருந்து ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நெஜமாவா? நான் கடைசி வரைக்கும் இருக்கேனா? கிழவி ஆகுறேனா?"

கப்ளோ ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. படம் வெளியாகுமுன் சொல்லாமல் போட்டுக் காட்டும் ரகசியக் காட்சியில் ஜனங்கள் கொட்டாவி விட்டால், வேறு ஆளை எழுதவைத்து லூசியைச் சாகடித்து மறுபடி எடுப்பார், என் பெயரும் போகும்.

உன் பத்திரம் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, பெயர் வெளியே வராது. ஆனால் இப்போது படத்தில் லூசி ஆசிரியை. ஆல்டர் கிரீக்கில் பார்த்தால் யாருக்கும் விளங்கிவிடும். ஓய்வுக்கு உனக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. நீ சொன்னால் லூசியைத் தையல்காரியாக்கிவிடுகிறேன். ஒரு நாள் வேலைதான். யோசித்துச் சொல்.

ஆர்வித்


ஆல்டர் கிரீக்,
மே 23, 1938

அன்புத் தம்பிக்கு,

நலம். தோட்டத்தில் பூ வந்துவிட்டது.

நாலு நாள் யோசித்தேன். எனக்குத் தைக்க வராது. ஆசிரியையாகவே இருக்கட்டும்.

பயமாக இருக்கிறதா என்று கேட்காதே. இருக்கிறது.

சிக்னி


ஹாலிவுட்,
செப்டம்பர் 19, 1938

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? இரண்டு நாளாக எனக்குக் கால் தரையில் படவில்லை, மற்றபடி சௌக்கியம்.

படப்பிடிப்பில் ஜூன் வெயிலில் சோள அவலுக்கு வெள்ளையடித்துப் பனி கொட்டினார்கள். கிளின்டன் ஹேல் கம்பளிக் கோட்டுக்குள் வெந்துபோனார். அவல் தின்ன எலி வந்து, 2,216-ஆம் மரத்தடியில் ஒரு காட்சியே கெட்டது.

சனிக்கிழமை பக்கத்து ஊரான பொமோனாவில் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுக் காட்டினோம். ஜனங்கள் வேறு ஏதோ படம் என்று வந்து உட்கார்ந்திருந்தார்கள். கப்ளோ கடைசி வரிசையில் திரையைப் பார்க்கவில்லை, தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். லூசி "திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு" என்றதும் அரங்கம் அமைதியாகிவிட்டது. செத்தேன் என்று நினைத்தேன். அவர் "அப்போ, ஞாயித்துக்கிழமை?" என்றதும் சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து எழுந்தன. கடைசியில் நரைத்த இரண்டு பேரும் ஒரே பழத்தை மாறி மாறிக் கடிக்கும்போது என் பக்கத்திலிருந்த ஒரு லாரிக்காரர் மூக்கைச் சிந்தினார்.

ஜனங்கள் எழுதிக் கொடுத்த கருத்து அட்டைகளில் ஒன்று: "பள்ளிக் குழுவை உதைக்க வேண்டும்." இன்னொன்று: "சினிமாவில் முதல் தடவையாகக் காலையில் எழுந்து வேலைக்குப் போகிற பெண்ணைப் பார்த்தேன்." கப்ளோ அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எனக்கு அப்பவே தெரியும்யா" என்று இன்றைக்குக் காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் பெயர் தனியாக வருகிறது, அக்கா. நாலு விநாடி. எண்ணினேன்.

நவம்பர் கடைசியில் ஆல்டர் கிரீக்குக்கும் வரும். நான் வரட்டுமா? அன்றைக்கு உன் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டாமா?

ஆர்வித்


ஆல்டர் கிரீக்,
நவம்பர் 27, 1938

அன்புள்ள ஆர்விக்கு,

நலம், நலம். வர வேண்டாம் என்று எழுதியது நல்லதாயிற்று. உனக்கு உட்கார இடம் கிடைத்திருக்காது.

நேற்று மத்தியானக் காட்சி. ஊரே வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட முப்பது பேரும் வந்தார்கள். நான் ஓரமாக உட்காரலாம் என்று போனால், பெர்த்தா கையைப் பிடித்து நடு வரிசையில் உட்கார வைத்துவிட்டாள். எனக்குப் பின்னாலேயே மிஸ்டர் கன்டர்சன். உன் பெயர் வந்தபோது ஓல்கா எழுந்து நின்று கை தட்டினாள். அதற்குள் நாலு விநாடியும் போய்விட்டது, அவள் பெரிய உடம்புக்காரி, பின்னால் யாரும் பார்க்கவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. லூசி பள்ளிக்கூடம் என்று சொன்னாள். அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. நான் திரையைப் பார்க்காமல் என் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பெர்த்தா, இந்த ஊர் முழுக்கக் கேட்கும் குரலில், "அட, என்னடி இது! நீ எப்பவும் நீலக் கோட்டுலதான போவ? இவ பழுப்பு போட்டுக்கிட்டு நிக்கிறா!" என்றாள்.

ஹில்டா அந்தப் பக்கத்திலிருந்து, "பழுப்பு இல்லடி, அதுல கலர் தெரியாது" என்றாள். "அந்த ஆளுக்கு இவ்வளவு முடி ஏது, கடைசியில வழுக்கையாகிட்டாரே" என்று இன்னொருத்தி. சிரிப்பு அலையலையாகப் போயிற்று. எல்லோருக்கும் தெரியும், ஆர்வி. எல்லோருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. முப்பது பேரும் அவ்வளவு சுலபமாகக் கையெழுத்துப் போட்டது, அந்தப் பெண் யார் என்று தெரிந்ததால்தான்.

எனக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. திரும்பித்தான் ஆக வேண்டும் என்று திரும்பினேன். மிஸ்டர் கன்டர்சன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து என் காதோடு சொன்னார்: "டீச்சரம்மா, எங்க வீட்டிலிருந்து தேவாலயத்துக்குத் தோட்டத்து ரோடுதான் குறுக்கு வழி. நான் குழுத் தலைவரானதிலிருந்து அவர் போய்ச் சேர்ற வரைக்கும் பத்தொன்பது வருஷம், ஞாயித்துக்கிழமையில நான் அந்த ரோட்டுல வந்ததே கிடையாது. ரெண்டு மைல் சுத்தித்தான் போவேன். குதிரை வண்டி இருந்தப்பவும் அப்படித்தான், கார் வாங்கினப்புறமும் அப்படித்தான். எதையாவது பார்த்துத் தொலைச்சா அப்புறம் நான் வாசிக்கணுமே!"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கூச்சத்தில் தொப்பியைக் கீழே போட்டுவிட்டார். எட்னாவைப் பற்றிக் கேட்க அதுதான் சமயம் என்று கேட்டேன். "வியாழக்கிழமை குழு கூடுது. நீங்க வந்து பேசுங்க. நான் எதிர்த்துப் பேசலாம்னுதான் இருக்கேன், ஆனா அன்னிக்குத் தொண்டை கட்டியிருக்கும்" என்றார்.

படம் விட்டதும் முப்பது பேரில் பாதிக்கு மேல் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பெர்த்தா கடையிலிருந்து ஏலக்காய் ரொட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். நாற்காலி போதாமல் விறகுப் பெட்டிமேல்கூட உட்கார்ந்தார்கள். இருபத்துநாலு வருஷம் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்விகளையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டார்கள். மழையில் என்ன செய்தீர்கள், சண்டை வந்ததுண்டா, யார் முதலில் கோபம் ஆறியது.

காபி ஊற்றிக்கொண்டே பதில் சொல்ல ஆரம்பித்தேன். "ஒரு தடவை தோரல்ட் என்ன பண்ணினார் தெரியுமா..." என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டேன். மிஸ்டர் நைகார்ட் என்று சொல்லாமல், இன்னொருவர் காதில் விழ, அவர் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அறையில் எல்லோரும் அதைக் கவனித்தார்கள். ஓல்கா கோப்பையை நீட்டி, "சொல்லுங்க டீச்சர், தோரல்ட் என்ன பண்ணினார்?" என்றாள்.

சொன்னேன், ஆர்வி. இருட்டும்வரை சொன்னேன்.

உன் அக்கா,
சிக்னி